இரண்டும் சேரும் சத்தம்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாண்டி பஸ் இதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், வந்தபாடில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோட்டக்குப்பத்து அக்கா, அவித்த மல்லாட்டைக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு, "ஏம்மா, நீ இன்னா படிக்கிறே?" என்கிறார்.

கருந்துளைகள் என்கிறேன். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகும்போது விண்வெளியே அதிர்கிறது, அந்த அதிர்வைக் கருவியில் பிடித்துச் சத்தமாக மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி, போனில் போட்டுக் காட்டுகிறேன். "வ்வ்வூப்." ஒரு நொடிகூட இல்லை.

"அவ்ளோதானா? இதுக்கு எவ்ளோ நாளா சுத்திக்கினு இருந்துச்சாம்?"

"பல கோடி வருஷம்க்கா."

அவர் மல்லாட்டை உரிப்பதை நிறுத்துகிறார். "இன்னொரு வாட்டி போடு."

இம்முறை தன் போனை என் போனோடு ஒட்டிப் பிடித்து, துபாயில் வேலை செய்யும் கணவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். "வானத்துல ரெண்டு சுத்திச் சுத்திச் சேர்ற சத்தங்க இது. பக்கத்துல ஒரு பொண்ணு போட்டுக் காட்டுது." கணவர் ஊருக்கு வந்து மூன்று நோன்புப் பெருநாள் ஆகிவிட்டதாம்.

பஸ் வந்து, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் பதில் வருகிறது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைய, ஓர் ஆண் குரல் சிரிக்கிறது. "சேர்றதுக்கு முன்னாடி எவ்ளோ நாளு சுத்துச்சாம்? அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லு."

அக்கா என்னைப் பார்க்கிறார். நான் வாய் திறப்பதற்குள் கையமர்த்திவிட்டு, போனை உதட்டருகே கொண்டுபோகிறார்.

"ரொம்ப இல்லீங்க. கொஞ்ச நாளுதான்."