பெங்களூர் குழந்தைகள் வார்டில் பகல் ஒரு மணி

2007 ஆகஸ்டில் இரண்டு நாள் பெங்களூர் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸ். மேற்படிப்புக்கு ஒரு சின்ன ஆய்வு செய்ய வேண்டியிருந்தது: ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் பற்றி அங்கே வேலை பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? கேள்வித்தாளை நானே தயாரித்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்படி வேலையாகப் போகிறவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

காலை 5.40-க்கு பஸ். 90 கிலோமீட்டர், 38 ரூபாய். ஓசூர் வரை ஒழுங்காக வந்த பஸ், பாலம் கட்டும் இடங்களில் நின்று நின்று 8.35-க்குத்தான் மடிவாளாவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மர்பி டவுனில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர். டிரைவர் எழுபது கேட்டார்.

"ஆஸ்பத்திரி பையா இருக்குதே, பேஷண்ட் பாக்கவா மேடம்?"

"இல்லண்ணே, நானே நர்ஸ்தான்."

"அப்ப அறுபது குடுங்க."

பையை வைத்துவிட்டு, இட்லி சாப்பிட்டு, பத்தே காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். வார்டு பொறுப்பு ஸ்டெல்லா சிஸ்டர், லிங்கராஜபுரத்துக்காரர். இருபது வருட சர்வீஸ். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வித்தாளைக் கையில் வாங்கினார்.

நான்காவது கேள்விதான் முக்கியம்: குழந்தை மெலிந்து போவதற்குக் காரணம் என்ன? வறுமை, தாயின் அறியாமை, அடுத்தடுத்த பிரசவம், நோய் என்று நான்கு கட்டங்கள். டாக்டர் இருவர், நர்ஸ் நால்வர், ஆயா ஒருவர், ஏழு பேரிடம் கேட்டேன். எல்லோரும் அறியாமையில்தான் டிக் போட்டார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் உதாரணமே காட்டினார்.

"அந்த மூணாம் பெட் பாருங்க. திவ்யா, ரெண்டரை வயசு, ஹார்ட்ல ஓட்டை. எட்டு கிலோ வந்தாதான் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏழு எண்ணூறுல வந்துச்சு, இப்போ ஏழு நானூறு. நாள் தள்ளினா லங்ஸ் கெட்டுடும். அம்மாவுக்கு ஊட்டவே தெரியல சிஸ்டர்."

நானும் தலையாட்டி எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. பருப்பு சாதமும் முட்டையும். மூன்றாம் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டது. கட்டிலில் ஓர் அட்டை தொங்கியது: வாய்வழி எதுவும் கொடுக்காதே. மயக்கம் கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதற்காக மாட்டுவது. பக்கத்தில் அம்மா மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு நான் போய்ப் பேசினேன்.

"டெஸ்ட் எத்தன மணிக்கு?"

"இன்னைக்கு இல்லையாம் சிஸ்டர். எமர்ஜென்சி வந்துடுச்சு, நாளைக்குன்னுட்டாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"பத்தரைக்கே சொன்னாங்க. அட்டைய எடுத்தாதான குடுக்க முடியும்? அட்டை போடச் சொன்ன டாக்டர் நாலு மணிக்குதான் வருவாரு. நேத்தும் இப்படித்தான். இது நாலாவது வாட்டி. அழுது அழுது தூங்கிடுறா, அப்புறம் எழுப்பினா வாங்க மாட்டேங்குறா."

டாக்டர் கையெழுத்துப் போடாமல் அட்டையைக் கழற்றக் கூடாது. எங்கள் வார்டிலும் அதுதான் வழக்கம். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்துப் போய் ஸ்டெல்லா சிஸ்டரிடம் நான்கு தேதிகளைக் காட்டினேன். அவர் தேதிகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு டாக்டருக்குப் போன் போட்டார். "நீங்க சொன்னதா எழுதிக்கறேன் சார், வந்து சைன் போடுங்க," என்றார். அவரே போய் அட்டையைக் கழற்றினார். வண்டியில் முட்டை தீர்ந்துவிட்டது. ஆயா தன் டப்பாவிலிருந்து தயிர் சாதம் கொடுத்தார். திவ்யா எட்டு வாய் வாங்கினாள். மஞ்சுளா நன்றாகத்தான் ஊட்டினாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் கேள்வித்தாளில் வார்டு என்று ஒரு கட்டமே இல்லை. ஏழு பேர் மேல் என்ன தப்பு?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஓசூர் சாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் மூன்று நகல் வேண்டும். திரும்பும்போது மடிவாளாவில் மாலை ஐந்துக்கு முன்னால் பஸ் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். வார்டுக்குப் பகல் ஒரு மணிக்குப் போங்கள். சாப்பாட்டு வண்டி போன பிறகு எந்தக் கட்டிலில் தட்டு இல்லை என்று பாருங்கள். ஐந்து வாரம் கழித்து ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார். திவ்யா எட்டு கிலோ நூறு, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் எனக்கு மதிய டியூட்டி. ஒரு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தேன். மூன்று கட்டில்களில் அட்டை தொங்கியது. ஒன்று, நான் பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்கேனுக்காக நானே எழுதி மாட்டியது. ஸ்கேன் தள்ளிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தினமும் காலையில் அதே அட்டையை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அந்தக் குழந்தையின் அம்மா மரியாதையாக எழுந்து நின்றாள்.