தலை குனிய மறுத்த விளக்குகள்

அண்ணனின் புருவத்தில் ஒட்டியிருந்த சேற்றை ராசம்மா வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாள். வெட்டு ஆழமில்லை. இடது மணிக்கட்டுதான் பிசகிப் பணியாரம் போல வீங்கியிருந்தது.

"கைய இழுக்காதண்ணே."

"மாடு ரெண்டும் தப்பிச்சிருச்சு தாயி. அது போதும்" என்றார் ஐயாசாமி.

"அந்த மாட்டுக்கு இருக்கிற அறிவு எங்க வீட்டுக்காரருக்கு இல்லையே!"

ரெங்கம் டவுனை ஒட்டிய ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ராசம்மா ஆயா. பால்வெட்டுக்கு வந்தவள்தான். ஒரு வருஷம் காய்ச்சல் பரவித் தோட்டக் குடியிருப்பில் லயம் லயமாக ஆட்கள் விழுந்தபோது, வாந்திக்கும் சீழுக்கும் முகம் சுளிக்காதவர் யார் என்று டிரஸ்ஸர் கேட்டார். இவள் முன்னால் போய் நின்றாள். அப்புறம் அவளை யாரும் வெட்டுக்கு அனுப்பவில்லை. புண்ணைக் கழுவும்போது அழுகிறவர்களை அதட்டுவாள், ஆனால் கை பூப்போல இருக்கும்.

அன்று அந்தக் கையே துணியை முறுக்கிப் பிழிந்தது. கோபத்தில்.

அவள் புருஷன் செல்லப்பன், மீரா சாகிபுவின் வாடகை மோட்டார் காடியை ஓட்டுகிறவன். விடியுமுன்னே பத்து பாகாட் டவுனுக்கு ஆளேற்றிக்கொண்டு கிளம்புவான். அதே நேரத்தில் ஐயாசாமி விறகு வண்டியோடு எதிரே வருவார். காடியின் பழைய விளக்குகள் மின்மினி மாதிரி மினுங்கும். ஒருமுறை காட்டுப்பன்றி மேல் மோதப் பார்த்தான். அதனால் சிங்கப்பூரிலிருந்து பெரிய பல்புகளை வரவழைத்து மாட்டினான். அதில் தப்பில்லை. மாட்டியதோடு விட்டானே, அதுதான் தப்பு. வெளிச்சம் மரத்து உச்சிவரை அடித்தது. எதிரே வந்தவர்கள் திட்டிக்கொண்டே ஓரம் ஒதுங்கினார்கள். அன்று காலை கல்வெட்டுப் பாலத்து வளைவில் மாடுகள் மிரண்டு, வண்டி ரோட்டோரக் கானுக்குள் சாய்ந்தது. செல்லப்பன் நிறுத்தாமல் போய்விட்டான்.

மத்தியானம் சாப்பிட வந்தவன் முன்னால் அவள் தட்டை வைக்கவில்லை.

"சத்தியமா நான் மச்சானப் பாக்கவே இல்ல புள்ள."

"வண்டிக்கு அடியில அரிக்கன் எரிஞ்சுக்கிட்டுதானே இருந்திச்சு? இம்புட்டுப் பெரிய லைட்ட வச்சுக்கிட்டு அதப் பாக்கலையா?"

"ஆயுத பூசை அன்னிக்கு லைட்டுக் கண்ணாடி மேல சந்தனம் அப்பியிருந்தேன்ல, அந்த ரெண்டு மூணு நாளு யாராச்சும் வாயத் தொறந்தாங்களா? எல்லாம் அம்மா அருளு. நேத்து மழை கழுவிடுச்சு. சாயங்காலம் திரும்ப அப்பிடுறேன்."

"திரும்ப மழை பேஞ்சா?"

"மழைக்கு நான் என்ன பண்றது?"

"லைட்டக் கீழ சாய்ச்சு வைங்க. ராத்திரி கட்டுப்போடுறப்ப விளக்கப் புண்ணுக்குத்தான் காட்டுவோம். மூஞ்சியில காட்டுனா நோயாளி அலறுவான். உங்களுக்கு ரோடு தெரியணும். எதிர வர்றவன் பல்லு எதுக்குத் தெரியணும்?"

செல்லப்பன் முகம் சிவந்தான். "பூசை போட்ட காடி தலையக் குனியக் கூடாது. தொழிலே படுத்துரும். மச்சான் தூக்கக் கலக்கத்துல வந்திருப்பாரு."

ராசம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டு எழுந்தாள். ஐயாசாமியோ மறுநாளும் வண்டி பூட்டுவேன் என்று சொல்லிவிட்டார். ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதே வளைவில், அதே நேரத்தில். மாடு இன்னொரு முறை மிரண்டால் அவரால் இழுத்து நிறுத்த முடியாது. அந்திக்குள் இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

நேரே மீரா சாகிபு கடைக்குப் போனாள்.

"மொதலாளி, உங்க காடி இன்னிக்கு எங்கண்ணனக் கவுத்துச்சு. நாளைக்கு யாரக் கவுக்கப் போவுதோ தெரியல."

"நம்ம என்ன செய்யணும் தங்கச்சி, சொல்லு."

"ஒரு சுவிட்சப் போடணும். அவ்வளவுதான்."

இருட்டத் தொடங்கியதும் காடியை ரோட்டோரம் நிறுத்திவைத்தார்கள். ராசம்மா புருஷனை வளைவுப் பக்கம் அனுப்பினாள். "எங்கண்ணன் தூங்கிட்டு வந்தாரு. நீங்க கண்ண நல்லாத் தொறந்துக்கிட்டு நடந்து வாங்க."

செல்லப்பன் வீறாப்பாகத்தான் நடந்தான். சாகிபு சுவிட்சைப் போட்டார். அவன் முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கினான், நாலடி தடுமாறினான், கானில் விழுந்தான்.

"யாரு விழுந்தது மொதலாளி? எனக்குத் தெரியலையே" என்றாள் ராசம்மா.

"நிறுத்து புள்ள! நிறுத்தச் சொல்லு!" என்று கானுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

வெளிச்சம் அணைந்த பிறகும் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே நின்றான். முழங்காலில் சேறு. மனைவி முகத்தைப் பார்க்காமல், "சாவி எங்க மொதலாளி?" என்று கேட்டு நட்டு முடுக்கும் சாவியை வாங்கிக்கொண்டான்.

காடியைக் கடைச் சுவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராசம்மா அண்ணனின் மாட்டை ஓட்டிவரச் சொல்லி, அதன் கண் உயரத்துக்குச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தாள்.

"அலமாக்! போன வாரம்தான் சுண்ணாம்பு அடிச்சேன்!" என்று பதறினார் சாகிபு.

"திரும்ப அடிச்சுக்கலாம் மொதலாளி."

விளக்கைப் போட்டதும் வெளிச்சம் சிந்திய சோறு மாதிரி சுவர் முழுக்கச் சிதறியது. பெரிய பல்பு விளக்கின் கிண்ணத்துக்குள் சரியான இடத்தில் உட்காரவில்லை. விளக்கின் முதுகில் இருந்த சின்னத் திருகாணியைச் செல்லப்பன் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். சிதறல் சுருங்கி ஒரே வட்டமாகத் திரண்டது. அடுத்து, விளக்கைத் தாங்கிய நட்டைத் தளர்த்தினான். அங்கே கை நின்றது. ராசம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கின் தலையைக் கோட்டுக்குக் கீழே அமுக்கி, நட்டை முடுக்கினான். மற்றதையும் அப்படியே செய்தான்.

"பல்பு அதேதானே? வெளிச்சம் குறையலையே?" என்றார் சாகிபு.

"இல்ல மொதலாளி. ரோட்டுல முன்னைக்கு அதிகமாத்தான் விழுது" என்றான் அவன், முணுமுணுப்பாக.

மறுநாள் விடியுமுன் ராசம்மா தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவன் பேச்சை அவள் நம்பத் தயாராயில்லை. கல்வெட்டு வளைவில் எதிரே அரிக்கன் வெளிச்சம் ஆடி வந்தது. செல்லப்பன் வேகத்தைக் குறைத்தான். காடியின் வெளிச்சம் மாடுகளின் முழங்காலோடு நின்றது. ஒரு மாடு காதை ஆட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தது. ஐயாசாமி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

"என்ன மச்சான், காடி வெக்கப்பட்டுக்கிட்டு வருது!"

செல்லப்பன் வெளியே தலையை நீட்டிச் சிரித்தான்.

"பல்லக் காட்டாதீங்க. ரோட்டப் பாருங்க" என்றாள் ராசம்மா.