பத்துப் பால்மா பக்கெட்

கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் வந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேரம் பேசும்போது மனுசர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். கொழுந்து பறிக்கிறவளுக்குப் பேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மேசைமேல் பத்துப் பால்மா பக்கெட் இருந்ததால் கேட்கவில்லை. வீட்டில் பால்மா தீர்ந்து நாலு நாள். சின்ன மகள் பாலில்லாமல் வெறும் சாயத்தண்ணிதான் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் லேசானதுதான். இருவரில் ஒருத்தி பத்தையும் பங்கு பிரிக்க வேண்டும். மற்றவள் சரியென்றால் இருவரும் எடுத்துக்கொண்டு போகலாம். வேண்டாமென்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி. எங்களையே ஜோடி சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் பங்கு பிரிக்கிற சீட்டு அவளுக்கு விழுந்தது. விழாமல் இருக்குமா? போன வருசம் லயத்து ஆட்களுக்கென்று கட்டின தனிவீட்டுக்குக் குலுக்கிய சீட்டும் அவளுக்குத்தான் விழுந்தது. மூத்த மருமகள் நான் இன்னும் ஒழுகுகிற ஒற்றை அறை லயக் காம்பராவில் கிடக்கிறேன். தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் கொழுந்து மலைக்குப் போக வேண்டும். வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"ஆளுக்கு அஞ்சுங்க" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

இரண்டோ மூன்றோ தந்திருந்தால் திட்டிக்கொண்டே வாங்கியிருப்பேன். வீடும் அவளுக்கு, நல்லவள் என்ற பேரும் அவளுக்கா?

"வேணாம்" என்றேன்.

எனக்கு விளங்கவில்லை என்று கம்பஸ் பிள்ளை நினைத்துக்கொண்டது. "சரிபாதி குடுக்குறாங்க அக்கா. நீங்க வேணாம்னா ரெண்டு பேருக்குமே இல்ல."

"விளங்குதும்மா. வேணாம்."

"ஏழு குடுத்தா வாங்குவீங்களா?"

"பத்தும் குடுத்தாலும் வேணாம். நான் குடுத்து அவ வாங்கணும்."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கெட்டுகள் பெட்டிக்குள் போயின.

இறங்கி வரும்போது ஓரகத்தி சண்டைக்கு வருவாள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவளுக்கும் ஐந்து போயிற்றே. கூடவே நடந்து வந்தவள், லயத்துப் பக்கம் திரும்பும் இடத்தில் நின்றாள்.

"பாப்பாவ நெனச்சாத்தான்க்கா பாவமா இருக்கு. இன்னைக்காவது பால் குடிச்சிருக்கும்."

அந்த மேசைக்கு முன்னால் என் மகளின் நினைப்பே எனக்கு வரவில்லை. பெற்றவள் நான். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.