உப்புவெளியில் பாய் விரித்தவன்

எங்கள் ஸூர் ஊரில் கடலில் வாந்தி எடுப்பவனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். ஹதீத் பின் ஸுபைத்துக்கு என் அக்கா ஸலூமா கிடைத்தாள். பெண் பேச வந்த அன்று, "பையன் அலையைப் பார்த்தாலே வயித்தைப் பிடிச்சுக்குவானாமே" என்று யாரோ மெல்லச் சொல்ல, "நான் என்ன அலை மேலயா குடும்பம் நடத்தப்போறேன்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

ஹதீத் மச்சானின் அப்பாவும் தாத்தாவும் பாய்க்கப்பல் ஓட்டிய நாகுதாக்கள். பஸ்ராவுக்கும் ஸன்ஸிபாருக்கும் போய் வந்தவர்கள். மச்சானைச் சிறுவயதில் ஒருமுறை பஸ்ராவுக்குக் கூட்டிப்போனார்கள். போன வழியிலேயே பிள்ளை பிழைக்குமா என்ற நிலைமை. மஸ்கட்டில் இறக்கி, ஒட்டகக் கூட்டத்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவனானதும் தண்ணீர் லாரி ஓட்டினான். ஊரில் அவனுக்கு லாரி நாகுதா என்று பெயர்.

ஆனால் சாயங்காலம் லாரியைக் கழுவி நிறுத்தியதும் கடற்கரைக்குத்தான் போவான். அங்கே மணலில் ஏறி நின்ற மர்ஸூக்கா என்ற பழைய கப்பலை அண்ணாந்து பார்த்தபடி நிற்பான். கழுத்து வலிக்காதா என்று நான் கேட்பேன். "மேல எவ்வளவு நடக்குது தெரியுமா?" என்பான். அவனுக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அப்போது அவனுக்கு எல்லாக் கயிறும் ஒரே கயிறுதான்.

அந்த வருஷம் தேசிய நாள் விழாவுக்கு ஒவ்வொரு கடலோர ஊரிலிருந்தும் ஒரு பாய்க்கப்பல் மஸ்கட் பக்கத்து மத்ரா துறைமுகத்துக்கு வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. எங்கள் ஊரில் இருந்தது மர்ஸூக்கா மட்டும்தான். அதன் சொந்தக்காரர் நாகுதா கலஃபான் வருஷம் தவறாமல் சுறா எண்ணெய் பூசி வந்ததால் உடம்பு கல்போல இருந்தது. பாய்மரமும் நின்றது. பாயும் கயிறுகளும்தான் இல்லை. கட்டத் தெரிந்தவர்களும் எஞ்சின் படகு, எண்ணெய்க் கிணற்று வேலை என்று எங்கெங்கோ போயிருந்தார்கள்.

கடற்கரையில் கூட்டம் கூடியது. மச்சானின் சித்தப்பா மகன் மஹாத் முதலில் எழுந்தான். எஞ்சின் படகுகள் வைத்திருப்பவன்.

"உள்ள ஒரு எஞ்சினை வெச்சுடுவோம். துறைமுகத்துக்கு முன்னாடி அணைச்சுட்டு, பாயை விரிச்சாப் போதும். யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுக்குப் பாய்க்கப்பல்னு பேர் வைக்காத மஹாத்," என்றான் மச்சான். "பாவாடை கட்டின படகுன்னு வை."

கூட்டம் சிரித்தது. மஹாதுக்கு முகம் சிவந்தது. "அப்போ நீயே கட்டுடா, பார்ப்போம். வாந்தி எடுக்க வாளி நான் வாங்கித் தரேன்."

நாகுதா கலஃபான் கைத்தடியால் மணலைத் தட்டினார். "போதும். அவனே கட்டட்டும். சுக்கானை நான் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போனது. மச்சான் ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய மாலுமிகள் இருந்த வீடெல்லாம் ஏறி இறங்கினான். ஒருவர் முடிச்சைத் தன் முழங்காலிலேயே போட்டுக் காட்டினார். பிறகு அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. இன்னொருவர் கயிறு பாய்மரத்துக்கு முன்னால் போகும் என்றார். அவர் தம்பி பின்னால்தான் போகும் என்றார். இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

கடைசியில் மச்சான் கப்பலிடமே கேட்டான். பாய்மரத்தின் உச்சியிலும் ஓரப்பலகையிலும் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை வைத்து, இங்கே எது ஓடியிருக்கும், எந்தப் பக்கம் இழுத்திருப்பார்கள் என்று யோசித்தான். வீட்டில் துணிக்கொடிக் கம்பில் அக்காவின் முக்காட்டைப் பாயாகக் கட்டிச் சோதித்தான்.

"என் முக்காட்டை எடுத்துக் கப்பல் விடறீங்களா? அந்தக் கப்பலையே கட்டிக்கிட்டிருக்கலாமே!" என்று கத்தினாள் அக்கா. கத்திவிட்டு, மறுமுனையை அவளே பிடித்தாள். "இது சுருங்குது பாருங்க. இந்தப் பக்கம் இழுங்க."

முக்காடு போதவில்லை. கடலுக்குப் போய்ப் பழகவும் வழியில்லை. அவன் வயிறு விடாது. ஒருநாள் என் டட்சன் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஹம்தூன், இதை உப்புவெளிக்கு ஓட்டிட்டு வா."

"எதுக்கு?"

"வா, சொல்றேன்."

ஊருக்கு வெளியே உப்புவெளி சிமெண்ட் தரைபோலக் கிடக்கும். அங்கே வைத்து என் வண்டியின் முதுகில் ஒரு பேரீச்ச மரத்தை நட்டான். நான் அழாத குறை. நாலாபக்கமும் வடம் கட்டி, மேலே சாய்வாக ஒரு நீளக் கழியைத் தூக்கி, அதில் கூடாரத்துணியைப் பாயாகக் கட்டினான். அந்தக் கழிக்குப் பருமல் என்று பெயர். கப்பலில் வரப்போகும் பையன்களும் ஏறிக்கொள்ள, கியரை நியூட்ரலில் போட்டோம். காற்று பிடித்தது. என் டட்சன் சத்தமில்லாமல் நகர்ந்தது, ஓடியது, பிறகு பறந்தது. நாங்கள் அத்தனை பேரும் பைத்தியம்போலக் கத்தினோம்.

நேராகப் போவது சுலபம். காற்று மாறும்போது பாயை மறுபக்கம் கொண்டுபோவதுதான் பெரிய காரியம். பாயை அவிழ்த்து முன்னால் பறக்கவிட வேண்டும். பருமலின் அடிநுனியைப் பாய்மரத்தின் காலடிக்கு இழுத்து அதைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அப்படியே முன்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் பாய்மரத்தைத் தாங்கும் வடங்களை மறுபக்கம் மாற்றிக் கட்ட வேண்டும். முதல் தடவை வடத்தை மறந்தோம். பேரீச்ச மரம் முறிந்து என் வண்டியின் மூக்கில் விழுந்தது.

"நல்லது," என்றான் மச்சான்.

"என்ன நல்லது? என் வண்டி!"

"தரையிலேயே முறிஞ்சுதே, அதைச் சொன்னேன்."

வேறு மரம் நட்டோம். கொஞ்ச நாளில் ஊரே காவா காப்பிக் கூஜாக்களோடு வேடிக்கை பார்க்க வந்தது. ஒருநாள் போலீஸ் ஜீப் வந்து மறித்தது.

"யார் ஓட்டறது?" என்றார் போலீஸ்காரர்.

"காத்து," என்றான் மச்சான்.

அவர் சுற்றிவந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்தார். "நான் எந்தக் கயித்தைப் பிடிக்கணும்?" என்று கேட்டார்.

பாயைத் தைத்து முடித்து, மர்ஸூக்காவை நீரில் இறக்கி, நாங்கள் புறப்பட்ட காலையில் ஊர் முழுக்க மேளம். உப்பங்கழி வாயைத் தாண்டும் முன்பே மச்சான் ஓரப்பலகையில் கவிழ்ந்துவிட்டான். அவனைப் பாய்மரத்தின் அடியில் உட்காரவைத்து, இடுப்பைக் கயிற்றால் கட்டினோம். கன்னத்தில் ஒரு காய்ந்த எலுமிச்சை. பக்கத்தில் மஹாத் சொன்னபடியே வாங்கித் தந்த வாளி. மஹாதும் ஏறியிருந்தான். "எப்ப முழுகுறீங்கன்னு பார்க்க வேணாமா?" என்று காரணம் சொன்னான்.

காற்று கடல்பக்கமிருந்து சீராக வீசியது. குரியாத் மலைகள் தெரிந்தபோது அது நின்றது. பாய் தொங்கியது. நாகுதா மலையைப் பார்த்தார். அங்கே சரிவில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

"ஹதீத்! மலைக்காத்து வருது. எதிர்ப்பக்கம்!"

அது வந்தால் அவ்வளவு பெரிய பாயும் பாய்மரத்தின்மேல் அப்பிக்கொள்ளும். மரம் முறியும். மச்சான் வாளியிலிருந்து தலையை எடுத்தான். முகம் சாம்பல் நிறம். குரல் மட்டும் அவன் அப்பாவின் குரல்.

"தாமானை விடு! முழுக்க விடு!"

பாயின் நுனியை இழுத்துப் பிடித்திருந்த தாமான் கயிற்றை விட்டோம். நாகுதா சுக்கானைத் திருப்பினார். பாய் முன்னால் பறந்து வெடித்தது.

"பருமலை நிறுத்து! ஹம்தூன், வடம்! வடத்தை மாத்து, அப்புறம் மூச்சு விடு!"

நான் மாற்றினேன். பருமல் செங்குத்தாக எழுந்து சுற்றத் தொடங்கியபோது தாமானின் முனை கப்பியில் சிக்கியது. பாய் முறுக்கிக்கொண்டது. புழுதி கரையைத் தாண்டிவிட்டது. மச்சான் இடுப்புக் கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னே ஓடினான். கப்பல் குலுங்க, அவன் பாய்மரத்தில் ஏறினான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான், எங்கள்மேல்தான். ஏறுவதை நிறுத்தவில்லை. மேலே போய்க் கயிற்றைக் காலால் உதைத்து விடுவித்தான்.

"மஹாத், பிடி!"

பறந்து வந்த முனையை மஹாத் மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் இரண்டு அடி இழுபட, நாங்கள் எல்லோரும் அவன்மேல் விழுந்து பிடித்தோம். பருமல் சுற்றி முடிந்தது. இழுத்தோம். அந்த நொடியில் காற்று அறைந்தது. பாய் ஒரே மூச்சில் நிறைந்தது. மர்ஸூக்கா ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, வெள்ளையாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

மஹாத் மேலே பார்த்துக் கத்தினான்: "இறங்கி வாங்க, நாகுதா ஹதீத்!"

வாங்க என்று அதுவரை அக்காவைத் தவிர யாரும் அவனை அழைத்ததில்லை.

மத்ராவில் பீரங்கி வெடித்தார்கள். மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். அது எல்லாக் கப்பலுக்கும் கிடைத்த மரியாதை. எங்களுக்குக் கிடைத்தது திரும்பி வந்தபோது. ஸூர் உப்பங்கழி வாய் குறுகல், நீரோட்டம் வேறு. கயிறு கட்டி உள்ளே இழுக்க மஹாதின் எஞ்சின் படகு ஒன்று வாயில் காத்திருந்தது. மஹாதே எழுந்து நின்று கையசைத்து அதை விரட்டினான். "போடா, போ! வழியை விடு!"

மச்சான் ஒவ்வொரு கயிறாகப் பெயர் சொல்லி அழைத்தான். பிடி, விடு, இன்னும் கொஞ்சம், நில். இரண்டு கரையிலும் பெண்கள் குலவை போட, பாய் விரித்தபடியே மர்ஸூக்கா உள்ளே வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்ற கூட்டத்தில் ஸலூமா அக்காதான் முதலில் நின்றாள். நங்கூரம் விழுந்த சத்தத்தில் பறவைகள் எழும்பின.

அடுத்த பருவத்தில் ஹதீத் மச்சான் மர்ஸூக்காவைப் பஸ்ராவுக்கு ஓட்டிப்போனான். முழு வழியும் போனான்.