பசுவின் குளம்பா, காட்டுமாட்டின் குளம்பா?

பழைய இன்ஜின் ஆயில் வாசம் வந்தால் எனக்கு கோல்ஃப்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள்...

கம்பத்துக்கு மேலே மலையில் ஒரு டீ எஸ்டேட்டில் எனக்கு முதல் வேலை. உதவி மேனேஜர், அதுவும் புரொபேஷனில். அங்கே சின்னதாக ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. குழியைச் சுற்றிப் புல் வளர்க்க வசதியில்லை. மணலைக் கொட்டி, லாரியின் கழிவு ஆயிலை ஊற்றி அமுக்கி வைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான்கு பேர். எங்கள் மேனேஜர், பந்து சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் மட்டையைத் தூக்கித் தேயிலைக்குள் வீசுவார். எஸ்டேட் டாக்டர் பந்தைத் தேடிப் போனால் அது எப்போதும் நல்ல இடத்தில்தான் கிடக்கும்... அவர் ஷூவுக்கு அவ்வளவு ராசி. கீழே உத்தமபாளையத்திலிருந்து வரும் ஏலக்காய் வியாபாரி சிக்கந்தர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். தப்பாக அடித்தால் முதலில் சிரிப்பது அவரேதான். நான்காவது நான். மேனேஜரிடம் தோற்பதற்கென்றே கூப்பிடப்பட்ட ரகம்.

அந்த மைதானத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. காட்டுமாட்டின் குளம்புக் குழியில் பந்து விழுந்தால் எடுத்து வெளியே வைத்து ஆடலாம். எஸ்டேட் பசுவின் குளம்பென்றால் கூடாது. காட்டுமாடு ஆண்டவன் விட்டது, பசு நாம் கட்டாமல் விட்டது என்பது கணக்கு.

அந்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். உத்தமபாளையத்தில் ஹமீதாவை எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அத்தா, அதாவது எனக்கு மாமனாராக வேண்டியவர், கறாராகச் சொல்லிவிட்டார்.

“வேலை உறுதியாகட்டும், பெறகு நிக்காஹ் வச்சுக்கிருவோம்.”

கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர்.

அந்த ஞாயிறு கடைசிக் குழிவரை மேனேஜரும் பாயும் சமம். அப்போது மேனேஜரின் பந்து ஒரு குளம்புக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

“என்னய்யா இது? காட்டுமாடா, பசுவா?”

காட்டுமாட்டுக் குளம்பு இவ்வளவு சின்னதாக இருக்காது. டாக்டர் பின்னாலிருந்து, “காட்டுமாடுதான், காட்டுமாடுதான்” என்றார். ஹமீதாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை...

“பசுதான் சார்.”

பந்தைக் கிளப்பவே மேனேஜர் படாதபாடு பட்டார். தோற்றார். மட்டை பறந்தது. நேராக ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது... புரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பாய் நேராகப் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

“வேலை இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்ண்ணே. தனக்கு நட்டம்னு தெரிஞ்சும் பசுவைப் பசுன்னு சொன்ன பய. இவனை விட்றாதீக” என்றாராம்.

சீக்கிரமே நிக்காஹ் நடந்தது.

இன்று கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறேன். இங்கே கோல்ஃப் மைதானத்தில் புல் மெத்தை மாதிரி இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆபீஸ் பையன்கள் மூன்று பேர் என்னோடு ஆட வருகிறார்கள். நான் எப்படி அடித்தாலும் “சூப்பர் ஷாட் சார்”தான்.

போன வாரம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஹமீதா கேட்டாள்.

“இன்னைக்கும் நீங்கதான் ஜெயிச்சீகளா?”

“ஆமா.”

“அந்த மூணு பேருல ஒருத்தனுக்காவது நம்பிப் பொண்ணு குடுக்கலாமாங்க?”

மட்டையை வீசினாலும் அந்த மேனேஜர் என்னை ஒரு கேள்வி கேட்டார்... நான் இந்தப் பையன்களை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.