கெட்டிலில் தெரிந்த மாமா

என் அக்காவின் வலது கையை நீங்கள் பார்த்திருக்கலாம். முகத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இணையத்தில் சாமான் விற்கிறோம் என்றாலே ஆட்கள் சிரித்த காலம் அது. அச்சகத்து மாடியில், ஒரே அறையில் நடந்த அப்படியொரு கடையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தாள். படத்தைப் பார்த்துப் பெரிய கடிகாரம் என்று நம்பி வாங்கியவர்கள், உள்ளங்கையளவுக்கு ஒன்று வந்து சேர்ந்ததும் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தார்கள். "இனிமே எதுவா இருந்தாலும் கையில பிடிச்சுப் படம் எடுங்க, சைஸ் தெரியட்டும்" என்றார் முதலாளி. அங்கே சும்மா இருந்த கை அக்காவுடையதுதான். சீப்பு, டார்ச், பூட்டு, எல்லாவற்றையும் அவளே பிடித்தாள். படமெடுத்தவர் பிறகு எனக்கு மாமாவானார். கையை மட்டும் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் என்று அவரை வீட்டில் ஓட்டாத நாளில்லை.

அந்தக் கடையை ஒரு பெரிய கம்பெனி விழுங்கியது. அதை இன்னொரு கம்பெனி விழுங்கியது. மாடி அறையில் இப்போது அழகு நிலையம் நடக்கிறது. பழைய இணையப் பக்கம் மட்டும் விற்காத சாமான்களோடு ஏதோ ஒரு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதையும் இந்த மாதத்தோடு மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அக்கா அடித்துப் பிடித்து என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அதுல எவர்சில்வர் கெட்டில் ஒண்ணு இருக்கும்டி. அதுல அவரு தெரிவாரு. எப்படியாவது எடுத்துக் குடு."

மாமா போய்ச் சில வருடங்களாகின்றன. உலகத்தையே படமெடுத்த மனிதர், தன்னை எடுக்க யார் கையிலும் கேமராவைக் கொடுத்ததில்லை. பாழாய்ப்போன பிடிவாதம்! கல்யாண ஆல்பமும் வீடு மாறும்போது மழையில் நனைந்து ஒட்டிப்போனது. அவருடைய இளவயது முகம் மிஞ்சியிருந்தது அந்தக் கெட்டிலில்தான். அதன் பளபளப்பில் கேமராவோடு அவரும் விழுந்துவிட்டார். திரும்ப எடுக்க நேரமில்லாமல் அப்படியே போட்டுவிட்டார்கள்.

தேடினோம். சீப்பு வந்தது, டார்ச் வந்தது, ஒவ்வொன்றிலும் அக்காவின் கை, ஒரு சுருக்கமில்லாமல். "என் கையாடி இது!" என்று திரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். கெட்டிலின் பக்கத்தைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறக் கட்டம். படத்தைக் காணோம். அந்தக் கம்பெனிமேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் மௌஸ் உடையாமல் பிழைத்ததே பெரிய விஷயம்.

அப்புறம்தான் ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் இவர்களுடைய படங்களைச் சுட்டுத் தங்கள் கடையில் போட்டுக்கொண்ட ஆட்கள் ஏராளம். மாமா சோற்றைக்கூட மறந்து அவர்களைத் திட்டுவார். கெட்டிலின் பெயரை அப்படியே போட்டுத் தேடினேன். எங்கேயோ ஒரு கடை, ஈ காக்கை எட்டிப் பார்க்காத பக்கம். அங்கே அக்காவின் கையில் கெட்டில்!

"சுட்டவன் நல்லா இருக்கட்டும்!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் அக்கா. "அவன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும்!"

முதல் வேலையாகப் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு பெரிதாக்கினேன். கெட்டிலின் வயிற்றில் கறுப்பாக ஒரு தீற்றல், அதற்கு மேல் தலை மாதிரி ஏதோ ஒன்று. உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் மாமா தெரியவில்லை. அதை அவளிடம் சொல்ல மனசும் வரவில்லை.

"வாயைப் பாரேன், என்னமோ சொல்றாரு" என்றாள்.

"என்ன சொல்றாராம்?"

"சிரின்னு சொல்றாரு. ஒவ்வொரு படத்துக்கும் சொல்வாரு. கையைத்தானே எடுக்குறீங்க, நான் எதுக்குச் சிரிக்கணும்னு கேப்பேன். நான் சிரிக்கிற வரைக்கும் பட்டனை அமுக்க மாட்டாரு. முதலாளி கத்துவாரு."

நான் திரையைப் பார்த்தேன். மணிக்கட்டோடு படம் முடிந்திருந்தது.

"அப்போ இதுல நீ சிரிச்சுக்கிட்டுதான் இருக்கியா?"

"பின்னே? வாயெல்லாம் பல்லு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.