ஒரே தாளத்தில் பத்துப் பாட்டு

நான் செய்த மொழிபெயர்ப்பால் ஒரு மனிதர் வீட்டை இழந்தார். தெரிந்துதான் பிழையாக மொழிபெயர்த்தேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் மேல்வீட்டில் ஒரு ஜமேக்காக்காரர் தனியாக இருந்தார். ஊரில் விட்டுவந்த ஒன்பது வயது மகளை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதற்காகவே இரண்டு அறை உள்ள வீடாக எடுத்திருந்தார். மகள் அனுப்பிய கசெற் ஒன்றை ஓயாமல் போடுவார். அதில் இசை ஒன்றுதான். அதே இசைக்கு மேல் பத்துப் பேர் ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருந்தார்கள். அந்த இசைக்கு 'ரிடிம்' என்று பெயர், இவன் காதலைப் பாடுகிறான், இவன் பொலிசைத் திட்டுகிறான் என்றெல்லாம் என்னை இருத்திவைத்து விளங்கப்படுத்தியவர் அவர்தான்.

கீழே அப்பாவுக்கு வந்து சேர்ந்தது 'தும் தும்' என்ற அடி மட்டுமே. அவர் இரவு வேலை முடித்துப் பகலில் படுப்பவர்.

"உந்தாளிட்ட வேற பாட்டே இல்லையோ? ஒண்டையே போட்டு மனிசரை விசராக்குது."

"எங்களைக் கலைக்கத்தான் உந்தச் சேட்டை," என்றார் அம்மா.

அது பத்துப் பாட்டு என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் நான் கசெற்றை இரவல் கேட்டு, அவர் மறுத்திருந்தார். பிள்ளை அனுப்பியது, கைமாறாது என்றார். எனக்கு ரோசம்.

வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தபோது, மேலே சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்படி கேள் என்றார் அப்பா. வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னது வேறு. எங்களைத் துரத்துவதற்காகவே நாள் முழுக்க ஒரே பாட்டைப் போடுகிறார், குறைக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே கூட்டுகிறார் என்றேன். அப்பா ஒருநாளும் மேலே போய்க் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் போனதும் அப்பா என்னைப் பார்த்தார்.

"நான் ஒரு வசனம்தானே சொன்னனான்? என்னடா இவ்வளவு நேரம் கதைச்சனி?"

"பிரெஞ்சில அப்பிடித்தான் அப்பா, நீளும்."

வீட்டுக்காரர் ஏற்கனவே ஜமேக்காக்காரரை வீட்டைவிட்டு எழுப்பக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர். நான் சொன்னது அதற்குப் போதுமாயிருந்தது. யூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறுகிற நாளில், அவரும் மகளுக்காக வாங்கிய கட்டிலைப் படியால் இறக்கினார். ஒரு பக்கத்தை நான் பிடித்துக் கொடுத்தேன். "நல்ல பொடியன்," என்றார். இன்னொரு வீடு எடுப்பார், மகள் அங்கே வருவாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

நானே பேரப்பிள்ளை கண்ட பிறகுதான் அவரைத் தேடத் துணிவு வந்தது. விசாரித்துக்கொண்டு, அவர் இப்போது இருக்கும் பக்கத்து நகரமான லவாலுக்குப் போனேன். எண்பது தாண்டிய மனிதர், வாசலில் நின்றபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அதற்குப் பிறகு எனக்கு ஒரு அறைதான் கிடைத்தது. அந்த இடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிட முடியவில்லை. ஐந்து வருடம் பிந்தித்தான் வந்தாள்," என்றார். "விமான நிலையத்தில் என்னைப் பார்த்து, யாரோ அந்நியரைக் கூப்பிடுவதுபோல 'சேர்' என்றாள்."

அந்த வருடங்களில் அவளும் என்னைப்போல வளர்ந்துகொண்டிருப்பாள் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன், யார் வந்திருப்பது என்று உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"யாரோ வீடு மாறி வந்துவிட்டார்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.